கொல்லப்படுகிறவளும் கொல்கிறவளும்: வாசகர் கேள்வி-பதில்

திகில், துப்பறியும், ஃபேன்டஸி, அறிவியல் புனைவுத் தொடர்களில் வரும் பெண் பாத்திரங்கள் பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. பதில்களில் தொடர்களின் முடிவுகள் வெளிப்படும். இன்னும் பார்க்காதவர்கள் அந்தந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடலாம்.

பெண் பாத்திரம் கொலையானால் ‘பலியாடு ஆக்கிவிட்டார்கள்’ என்கிறீர்கள். அவளே கொலை செய்தால் ‘அரக்கி ஆக்கிவிட்டார்கள்’ என்கிறீர்கள். எழுதுகிறவன் என்னதான் எழுதுவது?

இரண்டையும் தாராளமாக எழுதலாம். பலியாகிறவள் விஷயத்தில் நாங்கள் கேட்பது ‘பிறகு என்ன?’. வில்லி விஷயத்தில் கேட்பது ‘ஏன்?’. தேய்ந்துபோன வார்ப்புகளில் இந்த இரண்டு கேள்விக்கும் எப்போதும் ஒரே விடைதான் வரும். அவள் செத்த பிறகு மிஞ்சுவது நாயகனின் கோபம். வில்லி வில்லியானதற்குக் காரணம் கருப்பை, காதல், வயது மூன்றில் ஒன்று.

நில்ஸ் கிறிஸ்டி என்ற நார்வே குற்றவியலாளர், யாரைச் சமூகம் தயங்காமல் ‘பாதிக்கப்பட்டவர்’ என்று ஏற்றுக்கொள்கிறது என்று 1986இல் ஒரு கட்டுரையில் பட்டியல் போட்டார். அவர் பலவீனமானவராக இருக்க வேண்டும். மதிப்பான காரியம் ஒன்றில் ஈடுபட்டிருக்க வேண்டும். ‘அங்கே ஏன் போனாய்?’ என்று கேட்க முடியாத இடத்தில் இருந்திருக்க வேண்டும். தாக்கியவன் பலசாலியாகவும் கெட்டவனாகவும், முன்பின் தெரியாதவனாகவும் இருக்க வேண்டும். நோயாளித் தங்கையைக் கவனித்துவிட்டுப் பட்டப்பகலில் வீடு திரும்பும் மூதாட்டி அவர் தந்த உதாரணம். ஏதாவது ஒரு துப்பறியும் தொடரின் முதல் எபிசோடை இந்தப் பட்டியலோடு ஒட்டிப் பாருங்கள். ஐந்தில் ஒன்று பொருந்தாவிட்டாலும், உதாரணமாக இறந்தவள் குடித்திருந்தால் அல்லது கொன்றவன் தெரிந்தவனாக இருந்தால், விசாரிக்கும் அதிகாரியின் குரலே மாறும். தொடர் அந்தக் குரலோடு சேர்ந்துகொள்கிறதா, அதைக் கேள்வி கேட்கிறதா என்பதில்தான் எங்களுக்கு அக்கறை.

வில்லி பக்கத்துக்கு பார்பரா கிரீட் என்ற திரைப்பட ஆய்வாளர் 1993இல் எழுதிய நூலை எடுத்துக்கொள்ளலாம். திகில் படங்களில் பெண் வெறும் பலி என்ற அன்றைய பொதுக் கருத்தை அவர் மறுத்தார். அரக்கியாகவும் அவள் நிறையவே வருகிறாள் என்று காட்டினார். ஆனால் ஆண் அரக்கனைப் போல இல்லாமல், அவளுடைய பயங்கரம் எப்போதும் தாய்மையோடும் உடலோடும் முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது என்றார். ஆண் வில்லனுக்கு ஊரை ஆளும் ஆசை மட்டுமே போதும், வேறு விளக்கம் தேவையில்லை. பெண் வில்லிக்கு மட்டும் ஒரு காயத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

இரண்டு வார்ப்புகளையும் ஒரே காட்சியில் உடைத்துக் காட்டியது 1997 மார்ச் 10 அன்று ஒளிபரப்பான ‘பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்’ முதல் எபிசோட். ஒரு பையனும் ஒரு பெண்ணும் இரவில் பூட்டிய பள்ளிக்குள் நுழைகிறார்கள். அவள் ஏதோ சத்தம் கேட்கிறது என்று பயப்படுகிறாள். இங்கே யாரும் இல்லை என்கிறான் அவன். நிச்சயமா என்று மறுபடி கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, திரும்பிக் கோரைப் பற்களை அவன் கழுத்தில் இறக்குகிறாள். திகில் கதைக்குப் பழகிய கண், பொன்னிறக் கூந்தலையும் பள்ளிச் சீருடையையும் பார்த்த உடனே ‘இவள் காலி’ என்று கணக்குப் போட்டிருக்கும். ஒன்றரை நிமிடத்தில் அந்தக் கணக்கு கலைகிறது.

‘ஃபிரிட்ஜுக்குள் பெண்கள்’ என்று அடிக்கடி எழுதுகிறார்களே, அது என்ன? ஆண் பாத்திரங்கள் சாவதில்லையா?

1994இல் வந்த ‘கிரீன் லேண்டர்ன்’ காமிக்ஸின் 54ஆம் இதழில் நாயகன் வீடு திரும்புவான். அவன் காதலி கொல்லப்பட்டு ஃபிரிட்ஜுக்குள் திணிக்கப்பட்டிருப்பாள். 1999இல் கெய்ல் சிமோன் என்ற காமிக்ஸ் ரசிகை அந்தக் காட்சியின் பெயரிலேயே ஓர் இணையப் பட்டியல் தொடங்கி, கொல்லப்பட்ட, முடமாக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களைத் தொகுத்தார். பிறகு அவரே காமிக்ஸ் எழுத்தாளர் ஆனார்.

ஆண்கள் சாவதில்லையா என்ற கேள்வி பட்டியல் வந்த காலத்திலேயே எழுந்தது. சாகிறார்கள், ஆனால் பெரும்பாலும் திரும்பி வருகிறார்கள். முதுகெலும்பு முறிந்த நாயகன் மறுபடி எழுந்து நடப்பான். பெண் பாத்திரம் பழைய நிலைக்கு வருவது அரிது. அதனால் எத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ணினால் கிடைக்கும் விடை பாதிதான். யார் மீண்டார்கள் என்றும் எண்ண வேண்டும்.

தொலைக்காட்சியில் பாடப்புத்தகம் போல ஓர் உதாரணம் உண்டு. 2005இல் தொடங்கிய ‘சூப்பர்நேச்சுரல்’ முதல் எபிசோடின் தொடக்கத்தில் தாய் கூரையோடு ஒட்டிக்கொண்டு தீப்பற்றி எரிகிறாள். அதே எபிசோடின் முடிவில் இளைய மகனின் காதலியும் அதே மாதிரி. இரண்டு சகோதரர்கள் 15 சீசன் பயணம் போவதற்கான எரிபொருள் அந்த இரண்டு பெண்கள்தான். அந்தக் காதலி அன்றிரவு என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்று கதை கேட்கவே இல்லை.

பெக்டெல் சோதனையில் தோற்கும் தொடர் பெண்ணுக்கு எதிரானதா?

இல்லை. இரண்டு பெண்கள் தங்களுக்குள், ஆணைப் பற்றி அல்லாத வேறு எதையாவது பேச வேண்டும் என்பதே சோதனை. 1985இல் அலிசன் பெக்டெல் வரைந்த ஒரு கார்ட்டூனில் அது வந்தது. யோசனை தன் தோழி லிஸ் வாலஸுடையது என்று அவரே சொல்லியிருக்கிறார். நூறு படங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் உதவும், ஒரே ஒரு தொடரை எடைபோட உதவாது. இரண்டு பெண்கள் ஒரு பிணத்தைப் பற்றிப் பேசினாலே துப்பறியும் தொடர் தேறிவிடும், அந்தப் பிணமும் பெண்ணாகவே இருந்தாலும். இதைவிட 2013இல் ரசிகர்கள் ‘பசிபிக் ரிம்’ படப் பாத்திரம் ஒன்றின் பெயரில் உருவாக்கிய மாக்கோ மோரி சோதனை கொஞ்சம் கூர்மையானது. ஒரு பெண் பாத்திரம் வேண்டும், அவளுக்கென்று ஒரு கதை வேண்டும், அந்தக் கதை ஆணின் கதைக்கு முட்டுக்கொடுப்பதாக இருக்கக் கூடாது.

பாலியல் வன்முறையைக் காட்டவே கூடாது என்கிறீர்களா? காட்டாமல் விட்டால் அது நடப்பதையே மறைத்ததாகாதா?

இதில் ‘காட்டு’, ‘காட்டாதே’ என்ற இரண்டே பெட்டிகள் போதாது. கேமரா யார் முகத்தில் நிற்கிறது, சம்பவம் கதையில் எந்த இடத்தில் வருகிறது, அதன் பலன் யாருக்குப் போகிறது என்ற மூன்றையும் பார்க்க வேண்டும்.

2015 மே 17 அன்று வந்த ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ ஐந்தாம் சீசனின் ஆறாவது எபிசோட், சன்ஸாவின் திருமண இரவோடு முடிகிறது. கணவன் ராம்ஸே அவளைத் தாக்குகிறான், அவள் வீட்டில் வளர்ந்த தியானை நின்று பார்க்கச் சொல்கிறான். கேமரா சன்ஸாவை விட்டுவிட்டு அழுகிற தியானின் முகத்துக்குப் போய், அங்கேயே முடிகிறது. நமக்கு அவள் குரல் மட்டும் கேட்கிறது. அமெரிக்க செனட்டர் கிளேர் மெக்காஸ்கில் இனி இந்தத் தொடரைப் பார்க்கப் போவதில்லை என்று அறிவித்தது அந்த வாரம்தான்.

தொடர் தரப்பில் பேசியவர்கள், அவள் உடலைக் காட்டி ரசிக்க வைக்கவில்லையே என்றார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தக் காட்சியின் உணர்ச்சிக் கணக்கு தியானின் பெயரில் எழுதப்பட்டுவிட்டது. அடுத்த எபிசோடுகளில் அந்த இரவு தியான் மனம் மாறுவதற்கான படிக்கட்டாக ஆகிறது. போதாக்குறைக்கு, 2019இல் எட்டாம் சீசனில் சன்ஸாவே, என்னை வதைத்த அந்த மனிதர்கள் இல்லாவிட்டால் நான் இன்னும் சின்னப் பறவையாகவே இருந்திருப்பேன் என்ற அர்த்தத்தில் பேசுகிறாள். வன்முறையை ஒரு பயிற்சிப் பட்டறையாக மாற்றும் வசனம் அது. முதல் காட்சியைவிட இந்த வசனம்தான் பெரிய குற்றம் என்பது எங்கள் கருத்து.

இதற்கு நேர் எதிராக 2015 நவம்பரில் வந்த ‘ஜெஸிகா ஜோன்ஸ்’ முதல் சீசனைப் பாருங்கள். மனிதர்களைக் குரலாலேயே ஆட்டிவைக்கும் கில்கிரேவ், ஜெஸிகாவைப் பல மாதம் அடிமையாக வைத்திருந்தவன். அவன் செய்த வன்புணர்ச்சி திரையில் எங்குமே காட்டப்படவில்லை. கதையே அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நினைவு தாக்கும்போதெல்லாம் ஜெஸிகா சிறுவயதில் வாழ்ந்த இடத்தின் தெருப் பெயர்களை வரிசையாகச் சொல்கிறாள்: மெயின் ஸ்ட்ரீட், பர்ச் ஸ்ட்ரீட், ஹிக்கின்ஸ் டிரைவ், கோபால்ட் லேன். நான்கே தெருக்கள். மருத்துவர் சொல்லித்தந்த உத்தி அது, சில சமயம் பலிக்கும், சில சமயம் பலிக்காது. நடந்ததை அவள் அவன் முகத்துக்கு நேரே பெயர் சொல்லிக் குற்றம் சாட்டும்போது, நல்ல ஓட்டல், நல்ல சாப்பாடு என்று கில்கிரேவ் வாதாடுகிறான். சம்பவத்தைக் காட்டாமலே அதை இவ்வளவு துல்லியமாகப் பேச முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ அரசி டெனேரிஸ் கொடுங்கோலியானது பெண் வெறுப்பா, நியாயமான துன்பியலா? வீட்டில் சண்டையே வந்துவிட்டது.

அவள் கெட்டவள் ஆகலாம். அதற்கான விதைகளும் முன்பே போடப்பட்டிருந்தன. எதிரிகளைச் சிலுவையில் அறைந்தாள், சரணடைய மறுத்தவர்களை எரித்தாள். ‘திடீரென்று மாற்றிவிட்டார்கள்’ என்ற புகார் அதனால் வலுவானதில்லை. முன்னறிகுறி இருந்தது. உள்ளே நடந்த மாற்றத்தைத்தான் காட்டவில்லை.

2019 மே 12 அன்று வந்த எபிசோடை மறுபடி போட்டுப் பாருங்கள். நகரம் சரணடைந்து மணி ஒலிக்கிறது. டிராகன் மேல் அமர்ந்திருக்கும் டெனேரிஸின் முகத்துக்கு ஒரு க்ளோசப் வருகிறது: மூச்சு வாங்குகிறது, கண் கலங்குகிறது. அவள் பறக்கத் தொடங்குகிறாள். அதன்பின் அந்த எபிசோடில் அவள் முகமே வராது. டிராகன் வரும், நெருப்பு வரும், ஓடுகிற மக்கள் வருவார்கள். எட்டு சீசன் அவள் கூடவே வந்த பார்வையாளர், அவள் மிகப் பெரிய முடிவை எடுக்கும் நேரத்தில் வெளியே தள்ளப்படுகிறார். அடுத்த வாரமே காதலன் முத்தத்தின் நடுவில் அவளைக் குத்திக் கொல்கிறான். அவளுக்கு மிஞ்சிய காரணங்கள் என்ன? நேசித்தவர்களின் சாவு, காதலனின் விலகல், ‘பைத்தியக்கார’ அப்பாவின் ரத்தம். நகரம் எரிவதற்கு முந்தைய எபிசோடில் ஆலோசகர்கள் இருவர் அவள் மனநிலையை அலசுகிறார்கள். அவள் காதலன் ஜான் ஆண் என்பதையும் அரியணைக்கு ஒரு தகுதியாகக் கணக்கில் சேர்க்கிறார் ஒருவர். அது அந்தப் பாத்திரத்தின் கருத்து, தொடரின் கருத்து இல்லை என்று வாதாடலாம். ஆனால் தொடர் அவரைத் தீர்க்கதரிசி ஆக்கிவிட்டதே!

நகரம் எரியும் அந்த எபிசோடில் எதிரணி அரசி செர்ஸீயையும் கவனிக்காமல் விடாதீர்கள். எட்டு சீசன் அரசியல் சூழ்ச்சியில் ஆண்களைத் தோற்கடித்த பெண், இடிபாடுகளுக்குள் தம்பியின் கையில் ‘என் குழந்தை வாழ வேண்டும்’ என்று அழுதபடி சாகிறாள். ஒரு எபிசோட், இரண்டு அரசிகள். ஒருத்திக்குக் காதல், மற்றவளுக்குக் கருப்பை. உங்கள் வீட்டுச் சண்டை டெனேரிஸோடு நின்றுவிட்டதுதான் ஆச்சரியம்.

நடிகை வேறு தொடருக்குப் போய்விட்டால் பாத்திரத்தைக் கொல்வதைத் தவிர எழுத்தாளருக்கு வேறு வழி உண்டா?

கொல்வது அவர் உரிமை. எப்படிக் கொல்கிறார் என்பதில்தான் பேச்சு. 2016 மார்ச் 3 அன்று ‘தி ஹண்ட்ரட்’ தொடரில் படைத்தலைவி லெக்ஸா செத்தாள். நடிகைக்கு வேறு தொடரில் வேலை இருந்தது, அது உண்மை. ஆனால் பன்னிரண்டு குலங்களை ஒன்றிணைத்தவள், காதலி கிளார்க்கோடு சேர்ந்த சில நிமிடங்களில், கிளார்க்குக்கு வைத்த குறி தவறி வந்த தோட்டாவில் சாகிறாள். பதினான்கு ஆண்டுகளுக்கு முன், 2002 மே மாதத்தில் ‘பஃபி’யில் டாரா செத்ததும் அப்படியே: காதலி வில்லோவோடு சமாதானமான மறுநாள், வேறொருத்திக்கு வைத்த தோட்டா, ஜன்னல் வழியே. டாராவாக நடித்தவரின் பெயர் தொடக்க டைட்டிலில் வந்த முதல் எபிசோடும் அதுவே, கடைசியும் அதுவே. அந்தச் சாவில் வில்லோ வெறிபிடித்த சூனியக்காரியாகி உலகத்தையே அழிக்கக் கிளம்புகிறாள். ஒரே தோட்டாவில் ஒரு பலி, ஒரு வில்லி.

தன்பாலின ஜோடிகள் மகிழ்ச்சியைத் தொட்ட உடனே ஒருத்தி சாவது பழைய சூத்திரம் என்பதால்தான் ரசிகர்கள் கொதித்தார்கள். தற்கொலைத் தடுப்பு அமைப்பான டிரெவர் ப்ராஜெக்ட்டுக்கு நிதி திரட்டினார்கள். தொடரை உருவாக்கியவர் பகிரங்கமாக விளக்கமும் வருத்தமும் எழுத வேண்டியதாயிற்று. எழுத்தாளருக்கு வேறு வழிகளும் இருந்தன. பாத்திரத்தைத் தூரதேசத்துக்கு அனுப்பலாம், திரைக்கு வெளியே ஆளவிடலாம். சாகத்தான் வேண்டும் என்றால் அவள் எடுத்த ஒரு முடிவின் விளைவாகச் சாகட்டும். குறி தவறிய தோட்டாவுக்கு அவள் லெக்ஸாவாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்த விமர்சனமெல்லாம் வெள்ளைக்காரப் பெண் பாத்திரங்களைப் பற்றியே இருக்கிறதே?

நியாயமான குறை. அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989லேயே, இனமும் பாலினமும் ஒன்றின் மேல் ஒன்று விழும் இடத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று எழுதிவிட்டார். தொலைக்காட்சி விமர்சனம் அங்கே மெதுவாகத்தான் போய்ச் சேர்ந்தது. ‘தி வாம்பயர் டைரீஸ்’ தொடரின் பானி கறுப்பினச் சூனியக்காரி. வில்லியும் ஆகவில்லை, அழகான பிணமும் ஆகவில்லை. எல்லோரையும் காப்பாற்றும் மந்திரத்தைத் தன் உடம்பை வருத்திச் செய்துகொண்டே இருக்கிறாள். 2013இல் நான்காம் சீசன் முடிவில் இன்னொருவனை உயிர்ப்பிக்கப் போய்ச் செத்தும் விடுகிறாள், நண்பர்களுக்கு அது பல நாள் தெரியவே தெரியாது. அத்தனை நாளும் துக்கப்படக்கூட யாரும் ஒதுக்கப்படாத பலி அவள். உங்கள் பட்டியலில் பலி, வில்லி இரண்டுக்கும் பக்கத்தில் ‘தியாகம் செய்துகொண்டே இருப்பவள்’ என்று மூன்றாவது பத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதுகலை ஆய்வுக்கு ஒரு தொடரை இந்தக் கோணத்தில் படிக்கப் போகிறேன். எங்கே தொடங்குவது?

ஒரு சீசனை எடுங்கள், 8 முதல் 13 எபிசோட் வரை இருந்தால் போதும். ஏழு சீசனைத் தொட்டால் எல்லாமே மேலோட்டமாகிவிடும். பெயர் கெட்டுப்போன எபிசோடுகளை மட்டும் பொறுக்காதீர்கள். முதலும் கடைசியும் கட்டாயம், நடுவில் ஒன்றுவிட்டு ஒன்று.

முதல் தடவை குறிப்பெடுக்காமல் பாருங்கள். முடிந்ததும், ஞாபகத்தில் நிற்கும் பெண் பாத்திரங்களின் பெயரையும் தொழிலையும் ஒரு தாளில் எழுதுங்கள். பெயர் ஞாபகமில்லாமல் ‘அந்தச் செத்துப்போன பெண்’ என்று எழுத நேர்ந்தால் அதுவே உங்கள் முதல் கண்டுபிடிப்பு. இரண்டாம் தடவை காட்சிக்கு ஒரு வரி வீதம் அட்டவணை போடுங்கள்: தொடங்கும் நேரம், முடியும் நேரம், யார் இருக்கிறார்கள், யார் பேசுகிறார்கள், யாரைப் பற்றிப் பேச்சு, க்ளோசப் யாருக்கு, காட்சி யார் முகத்தில் முடிகிறது. 42 நிமிட எபிசோடுக்கு மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். சப்டைட்டில் கோப்பை வைத்துக்கொண்டு வசனத்தை மட்டும் எண்ணுவது சுலபம். ஆனால் மேலே சொன்ன தியானின் முகமும் டெனேரிஸின் மறைந்துபோன முகமும் அந்த எண்ணிக்கையில் அகப்படாது.

ஒரு பெண் கொல்லப்பட்டால் அடுத்த மூன்று எபிசோடைத் தனியாகக் குறியுங்கள். அவள் பெயர் எத்தனை முறை வருகிறது, யார் வாயில் வருகிறது, அவள் தொடங்கி வைத்த வேலை எதையாவது யாராவது தொடர்கிறார்களா?

அதிகம் சறுக்குவது ஃபிளாஷ்பேக்கில். செத்தவள் நாயகனின் நினைவில் வந்து பேசினால் அதை அவள் வசனமாக எண்ணிவிடுகிறார்கள். அது அவனுடைய நினைவு. அதற்குத் தனிப் பத்தி வேண்டும். ‘ட்வின் பீக்ஸ்’ தொடரின் லாரா பால்மர் 1990இல் பிளாஸ்டிக்கில் சுற்றிய பிணமாக அறிமுகமானாள். நடிகை ஷெரில் லீயை முதலில் பிணமாகக் கிடக்கத்தான் எடுத்தார்கள். புகைப்படம், டைரி, ஒலிநாடா என்று ஊர் முழுக்க அவள் இருக்கிறாள், எல்லாம் மற்றவர்கள் கையில். அவளுடைய கடைசி நாட்களை அவள் பக்கமிருந்து சொல்ல 1992இல் தனியாக ஒரு படம் தேவைப்பட்டது.

இன்னொரு சறுக்கல், பாத்திரம் சொல்வதைத் தொடரே சொல்வதாக எடுத்துக்கொள்வது. போலீஸ்காரர் ஒருவர் இழிவாகப் பேசினால் உடனே மதிப்பெண் குறைக்காதீர்கள். அவர் சொன்னது பிறகு சரியென்று ஆகிறதா, தவறென்று ஆகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

‘தானே முடிவெடுக்கிறாள்’ என்ற பத்தியில்தான் ஆளுக்கொரு விடை வரும். முன்கூட்டியே வரையறை எழுதி வையுங்கள்: வேறு வழி இருக்கும்போது அவள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதனால் அடுத்த காட்சிகளில் ஏதாவது மாற வேண்டும். நண்பர் ஒருவரிடம் இரண்டு எபிசோடைக் கொடுத்துத் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். ஐந்து வரிக்கு ஒன்றுக்கு மேல் இருவரும் முரண்பட்டால் வரையறை தளர்வாக இருக்கிறது. திருத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

யார் எழுதினார்கள், யார் இயக்கினார்கள் என்பதையும் சேர்க்கலாம். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ 73 எபிசோடில் பெண் இயக்கியவை 4 மட்டுமே, நான்கும் மிஷேல் மெக்லாரன் இயக்கியவை. ‘ஜெஸிகா ஜோன்ஸ்’ இரண்டாம் சீசனின் 13ஐயும் பெண்களே இயக்கினார்கள். இதைப் பின்னணியாகச் சொல்லுங்கள், தீர்ப்பாக வேண்டாம். பழைய வார்ப்பில் எழுத ஆணாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை.

வில்லியைத்தான் எனக்குப் பிடிக்கிறது. தப்பா?

தப்பே இல்லை. டானியா மாட்லெஸ்கி என்ற ஆய்வாளர் 1982லேயே நெடுந்தொடர் வில்லிகளைப் பற்றி இதை எழுதிவிட்டார்: பெண்ணைச் செயலற்றவளாக்கும் அதே விஷயங்களை, கர்ப்பம் உட்பட, வில்லி ஆயுதமாக்கிக்கொள்கிறாள். பார்க்கிறவர்கள் அவளை வெறுப்பதாகச் சொல்லிக்கொண்டே அவளுக்காகக் காத்திருக்கிறார்கள். அவள் ஒவ்வொரு முறையும் தோற்றாக வேண்டும் என்பதையும் அவர் சேர்த்தே கவனித்தார்.

என் திரைக்கதையில் ஐந்தாம் பக்கத்தில் போலீஸ் அதிகாரியின் மனைவி கொலை. கொன்றவள் ஒரு டாக்டர். வார்ப்பில் விழாமல் எப்படிச் சரிசெய்வது?

முதலில் ஒரு நீக்கல் சோதனை. மனைவி சாவதற்குப் பதில் அதிகாரியின் வீடு எரிந்ததாக மாற்றிப் படியுங்கள். கதை அப்படியே ஓடினால் மனைவி வெறும் மேஜை நாற்காலி. ஓடவில்லை என்றால் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று அங்கேதான் இருக்கிறது. அதைப் பெரிதாக்குங்கள்.

ஐந்து பக்கத்துக்குள் அவளுக்குக் கணவனோடு சம்பந்தமில்லாத ஒரு வேலை கொடுங்கள், அதுவும் பாதியில் நிற்கும் வேலை. விசாரணையின் முதல் துப்பு அந்த வேலையிலிருந்து வரட்டும். துக்கத்தைக் கணவனுக்கு மட்டும் எழுதாதீர்கள். அவளோடு வேலை செய்தவள், அவளோடு பேச்சுவார்த்தை இல்லாத தங்கை, யாராவது ஒருவர் அவளைப் பற்றிக் கணவனுக்குத் தெரியாததைச் சொல்லட்டும். கோபம் வரட்டும், ஆனால் அவளைப் புனிதவதி ஆக்கிவிடாதீர்கள். நல்லவள் என்பதால் மட்டும் துக்கப்படுவது கிறிஸ்டியின் மூதாட்டியிடமே திரும்பிப் போவது.

டாக்டருக்கு ஒரே ஒரு பயிற்சி. அவள் ஏன் கொன்றாள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். குழந்தை, காதல், அழகு, சிறுவயதுக் கொடுமை என்ற நான்கு சொற்களும் அதில் வரக் கூடாது. பணம் வரலாம், பதவி வரலாம், தான் செய்தது சரி என்ற நம்பிக்கை வரலாம். வாக்கியம் பிறக்காவிட்டால் டாக்டரை ஆணாக்கி அதே வாக்கியத்தை எழுதிப் பாருங்கள். ஆணுக்கு உடனே பிறந்த காரணத்தை வெட்டி, அப்படியே அவளுக்கு ஒட்டுங்கள். கடைசிக் காட்சியில் அவள் பிடிபடும்போது பைத்தியமாகக் கத்த வைத்திருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, அவள் வக்கீலைக் கூப்பிடுவதாக எழுதுங்கள்.